கருவறையும் கணக்கு வகுப்பும்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் நிதியைக் கொண்டு சென்னைக் கொளத்தூரில் 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தொடங்கப்பெற்ற கலை அறிவியல் கல்லூரிக்கு ஆசிரியர்களையும் அலுவலர்களையும் தெரிந்தெடுப்பதற்காக, அதற்கு முந்தைய மாதத்தில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. வணிகவியல் கற்பிப்பவர் முதல் அலுவலக உதவியாளர் வரை எந்தப் பதவிக்கு விண்ணப்பிப்பவரும் இந்து சமயத்தைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும் என்பது அதில் கண்ட நிபந்தனை. அலுவலக உதவியாளர் பதவியை நாடிய முஸ்லிம் ஒருவர், இந்த நிபந்தனை அரசியல் சாசனம் அளித்த சமத்துவத்துக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். கல்லூரி கோயிலால் நடத்தப்படுவது, அரசாங்கத்தின் நிதியுதவி பெறாதது, ஆகவே சாசனமே வகுத்துள்ள விதிவிலக்குக்குள் அது அடங்கும் என்ற காரணங்களைக் கூறி, 2024ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை மரியாதையோடு படித்தேன். மரியாதையோடே அதனின்று மாறுபடுகிறேன்.

அந்த விதிவிலக்கு இருக்குமிடம் சாசனத்தின் 16ஆவது ஷரத்து. அரசாங்க உத்தியோகங்களில் பிரஜைகள் அனைவருக்கும் சமவாய்ப்பு உண்டென்று முதலில் பிரகடனம் செய்துவிட்டு, சமயம், இனம், சாதி, பால், வமிசம், பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகிய ஏழு காரணங்களில் எதை முன்னிட்டும் எவரையும் விலக்கலாகாது என்று அடுத்தபடியாக அந்த ஷரத்து கட்டளையிடுகிறது. பின்னர் ஐந்தாவது உட்பிரிவில், ஒரு சமய ஸ்தாபனத்தின் காரியங்களோடு தொடர்புடைய பதவியை வகிப்பவரோ, அதன் நிர்வாக சபையில் அங்கம் பெறுபவரோ குறிப்பிட்ட சமயத்தை அனுசரிப்பவராக, அல்லது குறிப்பிட்ட சமயப் பிரிவைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டுமென்று சட்டம் செய்யப்பட்டால், அச்சட்டத்தை இந்த ஷரத்து பாதிக்காது என்று சொல்லி நிறுத்துகிறது. ஏழு காரணங்களில் ஒன்றுக்கு மட்டுமே இங்கே விலக்கு. சமயத்தைக் கேட்கலாம்; சமயத்துக்குள் சைவமா வைணவமா என்ற பிரிவையும் கேட்கலாம். சாதியைக் கேட்பதற்கு அனுமதியில்லை; வமிசத்தைக் கேட்பதற்கு அனுமதியில்லை; ஆணா பெண்ணா என்று கேட்பதற்கும் அந்த உட்பிரிவில் ஒரு சொல்கூட இல்லை.

இப்படியொரு விலக்கு இருத்தல் நியாயமே என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. சந்நிதியில் நின்று இறைவனுடைய திருநாமத்தைச் சொல்லி அர்ச்சிப்பவருக்கு அந்த இறைவனிடத்தில் நம்பிக்கை இருக்கவேண்டும். தொழுகையை முன்னின்று நடத்தும் இமாமுக்கு இஸ்லாத்திலும், திருப்பலி நிறைவேற்றும் பாதிரியாருக்குக் கிறிஸ்துவிலும் விசுவாசம் இருக்கவேண்டும். நம்பிக்கையே தொழிலின் உயிராக இருக்குமிடத்தில் நம்பிக்கையைக் கேட்பது பாரபட்சம் ஆகாது; வாய்ப்பாட்டுக்காரரை நியமிக்கும்போது குரலைக் கேட்பதைப் போன்றது அது. ஆனால் இந்த நியாயம் எங்கிருந்து பிறக்கிறதென்பதைக் கவனித்தால், அதன் எல்லையும் கூடவே தெரிந்துவிடும். செய்யும் வேலையின் தன்மையிலிருந்து அது பிறக்கிறது. வேலை கொடுப்பவர் யார் என்பதிலிருந்து பிறப்பதன்று. நான் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான். நம்முடைய நாட்டிலோ இந்த அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சமயத்தை மட்டுமே கேட்கவேண்டிய கருவறை வாசலில் பிறப்பைக் கேட்கிறோம். எதையுமே கேட்கக்கூடாத கணக்கு வகுப்பின் வாசலில் சமயத்தைக் கேட்கிறோம்.

கருவறையின் கதை நீண்டது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதியன்று, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் சமூகத்தவரையும் வைத்தியநாத ஐயர் உடன் அழைத்துச் சென்றபோது, வழிபடுகிறவருக்குப் பிறப்பு தடையாகாது என்ற கொள்கை நிலைபெறத் தொடங்கியது. வழிபாடு செய்விப்பவருக்கு அது தடையாகலாமா என்ற கேள்வி அப்பொழுதே உடன்பிறந்திருக்க வேண்டும்; சட்டசபையில் அது உருவெடுக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 55ஆவது பிரிவில், அர்ச்சகர் பதவி பரம்பரையாக வரும் கோயில்களில் தந்தைக்குப்பின் வாரிசு முறைப்படி அடுத்தவரே நியமனம் பெறவேண்டும் என்றிருந்த ஏற்பாட்டை, கருணாநிதி தலைமையிலான அரசாங்கம் கொண்டுவந்த 1971ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம் நீக்கிற்று. அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் உச்சநீதிமன்றம் சென்றார்கள். சேஷம்மாள் வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கில், 1972ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஐந்து நீதிபதிகள் அளித்த தீர்ப்பு, அர்ச்சகர் செய்வது சமயப் பணியானாலும் அவரை நியமிப்பது லௌகிக காரியமே என்றும், தந்தைக்குப்பின் மகன் என்பது வழக்கமேயன்றிச் சமயத்தின் அங்கமல்ல என்றும் கூறிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. எனினும் ஆகம விதிப்படி மூர்த்தியைத் தீண்டும் உரிமையற்ற ஒருவர் தீண்டினால் புனிதம் கெடும் என்ற நம்பிக்கைக்குச் சாசனத்தின் 25ஆவது ஷரத்தில் பாதுகாப்பு உண்டென்றும் அதே தீர்ப்பு கூறிற்று. ஒரு கதவைத் திறந்த கையே மற்றொரு கதவைச் சாத்தியதாகப் பலர் அன்று வருந்தினார்கள். கருவறை நுழைவுக் கிளர்ச்சியைத் தம் கடைசிக் காலத்துப் போராட்டமாகக் கொண்டிருந்த பெரியார், தீர்ப்பு வந்த மறு ஆண்டு, அது நிறைவேறாமலே மறைந்தார்.

2006ஆம் ஆண்டு மே மாதம், தகுதியும் பயிற்சியும் உடைய இந்துக்கள் எவரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை பிறந்தது. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய ஊர்களில் சைவ முறையிலும், திருவரங்கத்திலும் திருவல்லிக்கேணியிலும் வைணவ முறையிலும் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பெற்று, பல சாதிகளையும் சேர்ந்த இருநூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள் மந்திரமும் கிரியையும் கற்றுத் தேர்ந்து வெளிவந்தார்கள். வெளிவந்தவர்களுக்குக் கோயில் கிடைக்கவில்லை, வழக்குத்தான் கிடைத்தது. ஆதி சைவ சிவாசாரியார்களின் சங்கம் தொடுத்த அந்த வழக்கில் 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் தேதி உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், நான் இங்கே பிரஸ்தாபிக்கும் ஐந்தாவது உட்பிரிவு அதுவரை அநேகமாக எவர் கண்ணிலும் படாமலே கிடந்தது என்று நீதிபதிகளே கூறுகிறார்கள். ஆகமம் குறிப்பிட்ட சமயப் பிரிவினரையே அர்ச்சகராக்க வேண்டுமென்று விதித்திருந்தால், அந்த உட்பிரிவு அதனைப் பாதுகாக்கும் என்பது அவர்களுடைய முடிபு. ஆனால் அத்தகைய சேர்ப்பும் விலக்கும் சாதியையோ பிறப்பையோ ஆதாரமாகக் கொண்டிருத்தல் ஆகாது என்று உடனே வரம்பும் கட்டினார்கள்.

இந்த வரம்பைத்தான் நாம் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். சிவதீட்சை பெற்று, ஆகமம் கற்று, நித்திய பூஜையின் கிரமத்தை நன்கு அறிந்த ஒருவர் சைவ சமயப் பிரிவைச் சேர்ந்தவர்தாமா என்று கேட்டால், ஆம் என்பதைத் தவிர வேறு விடை இருக்க முடியாது. அதற்குமேலும், அவர் இன்ன ரிஷியின் கோத்திரத்தில் பிறந்தவர்தாமா என்று வினவத் தொடங்கினால், சமயப் பிரிவைப் பற்றிய கேள்வியாக அது நிற்பதில்லை. சாசனம் தடுத்த ஏழு காரணங்களில் வமிசம் என்ற ஐந்தாவது காரணத்தை, சமயம் என்ற முதற் காரணத்தின் போர்வைக்குள் ஒளித்து உள்ளே கொண்டுவரும் கேள்வியாகிவிடுகிறது. ஆகமம் வேறு விதமாகச் சொல்கிறதே என்று பெரியோர் சிலர் மனவேதனையோடு எடுத்துரைப்பதை நான் அறிவேன். அவர்களுடைய பக்தியை எள்ளளவும் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் கோயில்களில் எவை எந்த ஆகமத்தின்படி நடப்பவை என்பதையே கண்டறிவதற்கு ஒரு குழுவை அமைக்கும்படி 2022ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்ததென்றால், ஆகமத்தின் பெயரால் இத்தனை தலைமுறைகளாக நடந்த விலக்கில் எவ்வளவு ஆகமம், எவ்வளவு வெறும் வழக்கம் என்பதை அவர்களும் ஆலோசிக்க வேண்டாமா? 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், சேலம் சுகவனேசுவரர் கோயிலைப் பற்றிய வழக்கில், ஆகமமும் பூஜை முறையும் அறிந்தவருடைய நியமனத்தில் சாதியை அடிப்படையாகக் கொண்ட வமிசாவளிக்கு இடமில்லையென்று உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தெளிவாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் திருவரங்கத்துப் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இனி, கணக்கு வகுப்புக்கு வருவோம்.

கோயில் ஊழியத்தை உள்துறை என்றும் வெளித்துறை என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்வது நம்முடைய கோயில்களின் நடைமுறை. அர்ச்சகர், ஓதுவார், பரிசாரகர், மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர் முதலானோர் உள்துறை; கணக்கெழுதுபவர், காவலர், மின்வேலை பார்ப்பவர் முதலானோர் வெளித்துறை. இந்தப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டம் கற்பிக்கவில்லை. எந்த வேலை தெய்வத்தோடு நேரே சம்பந்தப்பட்டது, எது அதைச் சூழ்ந்து நிற்பது என்பதை நம் முன்னோரே வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கிற மங்கள வாத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. ஆந்திர தேசத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, திருவரங்கத்தில் குடியேறி, அரங்கநாதனிடத்தில் ஆழ்ந்த பக்தி பூண்டு வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரத்தைக் கேட்டவர்கள், அந்த இசையின் சமயம் எதுவென்று ஆராயப் புகுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அறநிலையச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, ஆணையர் முதலாக, இச்சட்டத்தின் காரியங்களை நிறைவேற்றுவதற்கென நியமிக்கப்படும் ஒவ்வோர் அதிகாரியும் ஊழியரும் இந்து சமயத்தை அனுசரிப்பவராக இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. கோயில்களின் சொத்தையும் வழிபாட்டையும் மேற்பார்க்கும் அதிகாரிக்கு இந்த நிபந்தனை பொருந்துமென்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கல்லூரியில் கணினி நிரலெழுதக் கற்பிக்கும் ஆசிரியர் அறநிலையச் சட்டத்தின் எந்தக் காரியத்தை நிறைவேற்றுகிறார்? வரவு செலவுக் கணக்கின் இலக்கணம் சைவருக்கு ஒன்றாகவும் கிறிஸ்தவருக்கு வேறாகவும் இருப்பதுண்டா? கோப்புகளை ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குக் கொண்டுசெல்லும் உதவியாளரின் உள்ளத்தில் எந்தத் தெய்வம் குடிகொண்டிருக்கிறதென்பது, அந்தக் கோப்புகளுக்கும் அவற்றைப் படிப்பவருக்கும் அவசியமான செய்தியா? சாசனம் சொல்வது சமய ஸ்தாபனத்தின் காரியங்களோடு தொடர்புடைய பதவியை. சமய ஸ்தாபனத்தின் பணத்தால் சம்பளம் பெறும் பதவியை அன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதாகத் தோன்றினாலும், இந்த விவகாரம் முழுவதும் அந்த வித்தியாசத்திலேதான் தங்கியிருக்கிறது.

பக்தர்கள் உண்டியலில் இட்ட காணிக்கை அல்லவா, அதை அவர்களுடைய சமயத்தவருக்கே செலவிடுவது தவறா என்று கேட்கிறவர்களுடைய கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். காணிக்கை இட்டவருடைய மனம் புண்படக் கூடாது என்பதில் அவர்களோடு நானும் ஒன்றுபட்டே நிற்கிறேன். அந்தக் காணிக்கையைக் கல்விக்குச் செலவிடலாமா என்பது தனி வழக்கு. அதைப் பற்றியும் நீதிமன்றத்தில் வாதங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் கல்விக்கே செலவிடுவதென்று தீர்மானித்து, பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை ஏற்று, வணிகவியலும் கணினி இயலும் போதிக்கும் கல்லூரியை நிறுவிய பின்னர், மாணவனுக்கு நல்ல ஆசிரியரைத் தேடித் தருவதே காணிக்கைக்குச் செய்யும் மரியாதையாகும். தேடும் வட்டத்தைக் குறுக்கிக்கொள்வது அந்த மாணவனுக்கே நஷ்டம். கிறிஸ்துவைப் பரப்புவதற்கென்றே கடல் கடந்து வந்த ஸ்காட்லாந்து மிஷனரிமார் நடத்திய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்த் துறையின் தலைமையில் அமர்ந்திருந்தவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார்; பரிதிமாற் கலைஞர் என்று நாம் போற்றும் அவர் பிராமணர். மிஷன் பணத்தில் பைபிளைப் போதித்த ஸ்தாபனத்துக்குத் தமிழ் போதிக்கச் சாஸ்திரியார் தகுதியுடையவராகத் தோன்றியிருக்கும்போது, அதற்கு ஒரு நூற்றாண்டுக்குமேல் கழித்துத் தொடங்கப்பெற்ற நம்முடைய கல்லூரிக்கு அலுவலக உதவியாளராக ஒரு முஸ்லிம் தகுதியற்றவராகத் தோன்றுவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

விலக்கின் வேலியை வேலையின் தன்மையிலிருந்து பெயர்த்து, முதலாளியின் பெயரில் நட்டுவிட்டால் அது எவ்வளவு தூரம் போகுமென்பதற்கு அமெரிக்காவிலே ஓர் உதாரணம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு அந்நாட்டில் இயற்றப்பெற்ற குடிமை உரிமைகள் சட்டம், சமய ஸ்தாபனங்கள் தங்கள் சமயக் காரியங்களுக்கான வேலையில் தங்கள் சமயத்தவரையே நியமித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. 1972இல் அந்த வாசகத்தைத் திருத்தியபோது, காரியங்கள் என்பதற்கு முன்னிருந்த சமயம் என்ற ஒரே அடைமொழியை எடுத்துவிட்டார்கள். அதன் பயனாக, சால்ட் லேக் நகரத்தில் மார்மன் சபை நடத்திவந்த, பொதுஜனங்கள் எவரும் சென்று தேகப்பயிற்சி செய்யத்தக்க ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில், கட்டடப் பராமரிப்பு வேலையைப் பதினாறு ஆண்டுகள் பார்த்திருந்த ஒருவர், சபையின் ஆலயத்தினுள் நுழைவதற்கு வேண்டிய தகுதிச் சான்றைப் பெறவில்லை என்ற காரணத்தால் வேலையை இழந்தார். எது சமயக் காரியம், எது லௌகிகம் என்று ஒவ்வொரு வேலைக்கும் நீதிபதி பிரித்துப் பார்க்கத் தொடங்குவது சபையின் சுதந்திரத்துக்கு இடையூறாகும் என்ற நியாயத்தைக் கூறி, 1987ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம் சபையின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த நியாயத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. நீதிபதி ஒருவர் பிற சமயத்தாருடைய உள்விவகாரத்தில் புகுந்து எது முக்கியம், எது முக்கியமல்ல என்று அளப்பது ஆபத்தான காரியமே. ஆனாலும், கொதிகலனையும் குழாயையும் செப்பனிடுகிறவரிடம் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு பக்தியின் சான்றிதழைக் கேட்டது சரியென்று என் மனம் ஒப்பவில்லை.

ஐரோப்பா வேறு மார்க்கத்தைத் தேடிற்று. உத்தியோக சமத்துவத்துக்காக 2000ஆம் ஆண்டு அங்கே வகுத்த பொதுநெறியும் சமய ஸ்தாபனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் வேலையின் தன்மைக்கும் அது நடைபெறும் சூழ்நிலைக்கும் அந்தச் சமயம் மெய்யாகவே அவசியமாக இருக்கவேண்டும் என்கிறது. இனவேற்றுமையைப் பற்றி ஓர் அறிக்கை தயாரிக்கும் வேலைக்கு ஜெர்மனியிலுள்ள புராட்டஸ்டண்டுத் திருச்சபையின் சேவை ஸ்தாபனம் திருச்சபை உறுப்பினரையே கேட்டதைப் பற்றி எழுந்த வழக்கில், அந்த அவசியம் உண்டா இல்லையா என்பதைச் சபையே தீர்மானித்துவிட முடியாது, நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 2018ஆம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. அதன்பின் ஜெர்மனியின் நீதிமன்றங்களில் அவ்வழக்குப் பல படிகள் ஏறி இறங்கியிருக்கிறது. கேட்கப்பட்ட கேள்வி மட்டும் சரியான கேள்வி: இந்த வேலைக்கு இந்த நம்பிக்கை எதற்கு?

இதே கேள்வியைச் சிறுபான்மையோரின் ஸ்தாபனங்களிடமும் கேட்கத்தான் வேண்டும். கேளாமல் விட்டால் என்னுடைய வாதம் நேர்மையற்றதாகும். கிறிஸ்தவ, முஸ்லிம் கல்வி நிலையங்களுக்குத் தங்கள் நிர்வாகத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையைச் சாசனத்தின் 30ஆவது ஷரத்து அளித்திருக்கிறது. அந்த நிலையத்தின் தலைமைக்குத் தமக்குகந்தவரைத் தெரிந்தெடுக்கும் உரிமையை நீதிமன்றங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஸ்தாபனத்தின் ஆன்ம நோக்கத்தைக் காக்கும் தலைவருக்கு அது பொருந்தும். ஆனால் பொதுஜனங்களின் வரிப்பணத்திலிருந்து சம்பளம் வாங்கும் பௌதிக ஆசிரியரை நியமிக்கும்போது ஞானஸ்நானச் சான்றிதழை மனத்தில் வைத்துக்கொண்டு தெரிந்தெடுப்பதை, கொளத்தூர் அறிவிப்பை ஆட்சேபிக்கும் நான் ஆட்சேபியாமல் இருக்க முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. 16ஆவது ஷரத்து கட்டுப்படுத்துவது அரசாங்க உத்தியோகத்தை மாத்திரமே. தனியார் முதலாளி ஒருவர் சமயத்தைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலை மறுத்தால் அதைத் தடுப்பதற்கு, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருப்பதைப் போன்ற பொதுவான சமத்துவச் சட்டம் இந்த நாட்டில் இல்லை. விதியையே முழுமையாக எழுதி முடிக்காத நாட்டில், உள்ள சிறிய விதியின் விலக்கையாவது அதன் எல்லைக்குள் நிறுத்தி வைக்க வேண்டாமா?

தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, கட்சி வேற்றுமை பாராமல், நான் செய்யும் விண்ணப்பம் இரண்டு. அறநிலையச் சட்டத்தின் 10ஆவது பிரிவுக்கு ஒரு விளக்கத்தைச் சேர்த்து, வழிபாட்டோடும் கோயில் நிர்வாகத்தோடும் நேரே தொடர்புடைய பதவிகளுக்கே சமய நிபந்தனை பொருந்தும் என்றும், கோயில் நிதியில் நடைபெறும் கல்லூரி, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் பதவிகளுக்கு அது பொருந்தாது என்றும் எழுதுங்கள். அப்படிச் செய்தால் நீதிமன்றத் தீர்ப்பு எதையும் மீறியதாகாது. சட்டம் இருந்தால் செல்லும் என்பதுதான் சாசனத்தின் ஐந்தாவது உட்பிரிவு. சட்டம் இருந்தே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. இரண்டாவதாக, பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற அர்ச்சகர்களை நினைத்துப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலினிடமிருந்து நியமன ஆணை பெற்றவர்கள் அவர்களில் இருபத்துநான்கு பேர். சந்நிதிக்கு உரிய சமயமும், அதற்கு உரிய படிப்பும், அதற்கு உரிய நம்பிக்கையும் இருந்தும், மற்றவர்களில் பலர் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.